காத்துக்கும் ராத்திரிச் சூட்டுக்கும் நடுவே குட்டிக் குடைமிளகாய்

2024 ஜனவரியில் துபாயிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் ஒரு டப்பா நிறையக் குட்டிக் குடைமிளகாய் கொண்டு வந்தார். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு, சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்து. தட்டில் கிடக்கிற காய்கறியை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளுகிற என் மகள், அதைக் கேரட் மாதிரி அப்படியே கடித்துத் தின்றாள். இரண்டாம் நாள் டப்பாவில் ஆறுதான் மிச்சம். "அப்பா, இதை நம்ம வீட்டுல வெக்கலாமா?" என்று கேட்டாள். வைத்தேன். முதல் தடவை ஒரு காய்கூட நிற்கவில்லை, இரண்டாம் தடவை 11 கிலோ பறித்தோம். இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்பதை, பயன்படுகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவில். மாவட்டம் பாலக்காடு, பேச்சு தமிழ், சந்தைக்குப் போனால் வேலந்தாவளமோ பொள்ளாச்சியோ. கேரளம் என்றால் எப்போதும் மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம் மழை குறைவான பகுதி. கரிசல் மண், பனைமரம், கணவாய்க் காத்து. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல் மாதிரி திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காத்து, மார்கழி, தையில் கிழக்கிலிருந்து அடிக்கும். இங்கே செடி வளர்க்கிறவன் மண்ணுக்கு முன்னால் காத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதை நான் முதல் தடவை எடுக்கவில்லை.

முதலில் விதை. மூன்று நிறத்திலும் இரண்டிரண்டு பழம் எடுத்து, நீளவாக்கில் அறுத்து, விதையைத் தனித்தனியாக உதிர்த்தேன். நன்றாக நிறம் மாறிய பழத்தில்தான் விதை முற்றியிருக்கும், பச்சைக் காயின் விதை பெரும்பாலும் முளைக்காது. கழுவாமல் செய்தித்தாளில் பரப்பி, நிழலில் ஒரு வாரம் காய வைத்தேன். வெயிலில் போட்டால் விதை சுண்டிப்போகும். மொத்தம் 134 விதை வந்தது. நிறம் எழுதிய மூன்று காகிதக் கவரில் போட்டு, வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடியோடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் மூடினேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அம்மா பருப்புக்குச் செய்கிற வேலைதான் இது.

கடையில் விற்கிற இந்த மாதிரிப் பழங்கள் பெரும்பாலும் ஹைப்ரிட். அதன் விதையைப் போட்டால் தாய் மாதிரியே பிள்ளை வராது, உருவமும் அளவும் சிதறும். அது தெரிந்துதான் போட்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் நம்பிக்கை இருந்தது. மிளகாய்க்குக் காரம் தருவது கேப்சைசின். குடைமிளகாயில் அதை உண்டாக்குகிற மரபணு வேலை செய்யாது. தாய்ப்பக்கம், தகப்பன்பக்கம் இரண்டிலிருந்தும் வேலை செய்யாத பிரதி வந்தால்தான் செடி காரம் இல்லாமல் இருக்கும். அதனால் ஹைப்ரிட்டின் பெற்றோர் இருவரும் குடைமிளகாயாக இருந்தால், பிள்ளைகள் எந்த உருவத்தில் வந்தாலும் காரம் வராது. மகளுக்கு வேண்டியது அவ்வளவுதானே.

தை கடைசியில் 70 விதையைப் போட்டேன். நன்றாகவே முளைத்தது. மாசியில் நாற்று, பங்குனியில் முழங்கால் உயரச் செடி, கரும்பச்சை இலை. பார்க்கிறவர்கள் எல்லாரும் நின்று விசாரித்தார்கள். சித்திரையில் பூத்துக் கொட்டியது. கொட்டியது என்றால் உண்மையிலேயே கொட்டியது. காலையில் செடிக்குக் கீழே வெள்ளைப் பூக்கள் காம்போடு கிடக்கும். காம்பு மஞ்சளாகி, கணுவில் பட்டென்று கழன்றிருக்கும். பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். சத்துக் குறைவென்று கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன். அது நைட்ரஜனை ஏற்றி இன்னும் இலையைத்தான் கொடுத்தது. அந்த ஏப்ரல் கடைசியில் பாலக்காடு மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையே வந்தது. மே மாதம் பிறந்தபோது செடிகள் சுருண்டுவிட்டன. ஒரு காய் இல்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே செடியிடம் போவாள், அது மட்டும் நின்றுபோனது. எனக்கு அது ரொம்ப வருத்தமாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து படித்தபோது காரணம் புரிந்தது. குடைமிளகாய் பகலில் 32 டிகிரியைத் தாண்டினால் பூவை உதிர்க்கத் தொடங்கும். நாமெல்லாம் பகல் வெயிலைத்தான் பார்க்கிறோம். இந்தச் செடிக்கு ராத்திரியும் அதே அளவுக்கு முக்கியம். ராத்திரி 16 முதல் 21 டிகிரி இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். 24-க்கு மேலே போனால் மகரந்தம் சரியாகத் தேறாது, பிஞ்சு நிற்காது. ஒரு சாதாரண வெப்பமானியை வடக்குச் சுவரில் மாட்டி, தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மே மாதத்தில் 27, 26, 27. அந்த நேரத்தில் பகலுக்கு நிழல்வலை கட்டியும் பிரயோஜனம் இல்லை, ராத்திரியை வலை குளிர வைக்காது. அப்படியானால் பூ எப்போது வர வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். எங்கள் பக்கம் ராத்திரி குளிர்வது கார்த்திகை முதல் தை வரை. கார்த்திகையில் பூக்க வேண்டுமென்றால் புரட்டாசியில் நடவு, நடவுக்கு நாற்பது நாள் முன்னால் விதைப்பு. ஆவணி பத்து. நோட்டில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டேன்.

அதற்கு முன்னால் மண் கலவை. இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சம்பளம் வாங்குவதே தேங்காய் நாரில்தான். கோபாலபுரம் பக்கம் ஒரு நார் மில்லில் பதினேழு வருஷமாக வேலை. மட்டையிலிருந்து நாரை உரித்த பிறகு உதிர்கிற தூள்தான் கோகோபீட். ஒரு காலத்தில் ரோட்டோரம் மலையாகக் கொட்டிக் கிடக்கும், யாரும் சீந்த மாட்டார்கள். இன்றைக்குக் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகிறது. அங்கே போகிற சரக்கை உப்பளவு பார்த்துத்தான் அனுப்புவோம். உள்ளூரில் மாடித்தோட்டத்துக்கு வாங்குகிறவர்கள் அதைக் கேட்பதே இல்லை.

மட்டையில் இயற்கையாகவே உப்பு இருக்கும். சோடியம், பொட்டாசியம் இரண்டும் தூளில் ஒட்டிக்கொண்டிருக்கும். மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தால் இன்னும் அதிகம். குடைமிளகாய் நாற்றுக்கு உப்பு ஆகவே ஆகாது, இலை விளிம்பு கருகும், வளர்ச்சி நின்றுவிடும். ஐந்து கிலோக் கட்டி ஒன்றைத் தண்ணீரில் போட்டால் ஊதி 65, 70 லிட்டர் அளவுக்கு வரும். அதைச் சாக்கில் கட்டி, தண்ணீர் ஊற்றி, பிழிந்து, மறுபடி ஊற்றி, மூன்று தடவை அலச வேண்டும். முதல் தண்ணீர் டீ மாதிரி வரும். மூன்றாவது வெளிறிவிடும். மில்லில் இருக்கிற உப்பு மீட்டரில் அளந்தேன். அலசுவதற்கு முன் 2.8, மூன்றாம் அலசலுக்குப் பின் 0.5. வீட்டில் மீட்டர் இல்லாதவர்கள் நிறத்தை வைத்தும், பிழிந்த தண்ணீரை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தும் ஓரளவுக்குக் கண்டுகொள்ளலாம். கரிப்புத் தெரிந்தால் இன்னும் அலச வேண்டும்.

அலசினால் மட்டும் போதாது. தூளோடு பிடித்துக்கொண்டிருக்கும் சோடியம் வெறும் தண்ணீருக்கு முழுசாக விட்டுக்கொடுக்காது. அதை வெளியே தள்ளக் கால்சியம் வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, அலசிய தூளை அதில் ஒரு நாள் ஊற வைத்து, மறுநாள் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசினேன். கால்சியம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், சோடியம் வெளியே வரும். இதைச் செய்யாமல் விட்டால், பின்னால் நாம் கொடுக்கிற கால்சியத்தை எல்லாம் தூளே பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குப் போகாது. குடைமிளகாயில் கால்சியம் போகவில்லை என்றால் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

2024 ஆகஸ்ட் 26, ஆவணி பத்து. மிச்சம் இருந்த 64 விதையையும், நிறம்வாரியாகக் குச்சி குத்தி, இரண்டு குழித்தட்டில் போட்டேன். மூன்று பங்கு கோகோபீட், ஒரு பங்கு சலித்த மண்புழு உரம். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். விதை முளைக்க 25 முதல் 30 டிகிரிச் சூடு வேண்டும், அந்த மாதத்தில் அது இங்கே தானாகவே கிடைக்கும். மேலே ஒரு பாலித்தீன் ஷீட் மூடினேன். எட்டாம் நாள் முதல் முளை. வெள்ளைக் கொக்கி மாதிரி வளைந்து வந்து, ஒரு நாளில் நிமிர்ந்து, விதைத் தோலைத் தலையில் தொப்பி மாதிரி சுமந்து நிற்கும். அந்தத் தொப்பியைக் கையால் பிடுங்கக் கூடாது, வித்திலை கிழிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து விட்டால் ஊறித் தானே கழன்று விழும். பதினைந்தாம் நாள் எண்ணினேன். 64-க்கு 41.

அதில் ஒன்பது நாற்று ஒரே ராத்திரியில் போனது. முளைத்தவுடன் ஷீட்டை எடுத்திருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் அந்த மூலையில் நாற்றுகள் மண்ணை ஒட்டித் தண்டு நூலாகச் சுண்டி, அப்படியே சாய்ந்து கிடந்தன. நாற்றழுகல். ஈரமும் காத்தோட்டமின்மையும் சேர்ந்தால் மண்ணில் இருக்கும் பூஞ்சை இப்படிச் செய்யும், விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழிகளைத் தோண்டி வெளியே போட்டுவிட்டு, மற்றதுக்கு லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பாக்டீரியாப் பொடி) கரைத்து வேரில் ஊற்றினேன். தண்ணீரைப் பூவாளியால் மேலே தெளிப்பதை நிறுத்தி, தட்டையே ஒரு தாம்பாளத் தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டேன். மேல்மண் காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

அக்டோபர் 6-ல் நடவு, தரையில் இல்லை, செடி வளர்க்கிற பைகளில். நல்ல நாற்றாக 22 எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். எங்கள் கரிசலைப் பையில் போட்டால் ஈரத்தில் களியாகும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். அதனால் செம்மண்ணைச் சொந்தக்காரர் தோட்டத்திலிருந்து கொண்டு வந்தேன். செம்மண், கோகோபீட், மக்கிய சாணி எரு மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. சாயங்காலம் நட்டு, மூன்று நாள் தென்னங்கீற்றால் நிழல் கொடுத்தேன்.

நட்டு இருபது நாளில் செடி முதல் கவை பிரியும். தண்டு இரண்டாகவோ மூன்றாகவோ பிரிகிற அந்த இடத்திலேயே முதல் பூ வரும். அதைக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் செடி சின்னதாக இருக்கும்போதே அந்த ஒரு காயைப் பெரிசாக்குவதில் முழு சத்தையும் செலவழித்து, கிளை விடாமல் நின்றுவிடும். நான் கிள்ளுவதை அம்மா பார்த்துவிட்டார்.

"ஏஞ்சாமி, பூத்த பூவைக் கிள்ளிப் போடறவனை இன்னைக்குத்தான் பாக்கறேன். போன தடவ ஒரு பூ நிக்கலைன்னு அழுத. இப்ப நிக்கற பூவைப் பிச்சு வீசற."

அம்மா எழுபது வருஷமாக மிளகாய் போடுகிறவர். நாட்டு மிளகாயில் யாரும் பூவைக் கிள்ளுவதில்லை, அதுவும் உண்மை. சரி, இரண்டையும் பார்த்துவிடுவோம் என்று 11 செடியில் கிள்ளினேன், 11 செடியை அம்மா பேரில் விட்டேன். கணக்கு முடிவில் சொல்கிறேன்.

நவம்பரில் நோட்டில் விடிகாலைச் சூடு 23, 22 என்று இறங்கியது. கார்த்திகை பிறந்த வாரம் பூக்கள் நிற்க ஆரம்பித்தன. பூவிதழ் வாடி, மிளகு அளவில் பச்சைப் பிஞ்சு ஒன்று நடுவில் தெரிந்த அன்றைக்கு மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன். டார்ச் அடித்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள். ஏழு பிஞ்சு எண்ணினாள்.

டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயலின் மிச்ச மழை இந்தப் பக்கமும் வந்தது. மூன்று நாள் ஈரம். மழை விட்டதும் இலை சுருள ஆரம்பித்தது. மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் எல்லாரும் ஒரே மருந்தைச் சொல்வார்கள். அப்படி அடிக்கக் கூடாது. எந்தப் பக்கமாகச் சுருள்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். விளிம்பு மேல்நோக்கி, தோணி மாதிரி சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கி, குடை மாதிரி கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டு, அடிப்பக்கம் பளபளப்பாகத் தடித்திருந்தால் சிலந்திப்பேன். இரண்டும் வேறு வேறு பிராணி. இலைப்பேன் பூச்சி, மற்றது சிலந்தி இனம். எனக்கு வடக்கு ஓரத்து நாலு செடியில் தோணி, கிணற்றுப் பக்கத்து மூன்று செடியில் குடை. பூவை ஒரு வெள்ளைத் தாளில் தட்டினால் இலைப்பேன் மஞ்சள் கோடு மாதிரி விழுந்து ஓடும். சிலந்திப்பேன் கண்ணுக்கே தெரியாது, லென்ஸ் வேண்டும்.

தோணிக்கு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி ஐந்து நாளுக்கு ஒரு தடவை மூன்று முறை. கூடவே நீல நிற ஒட்டுப்பொறி, இலைப்பேனுக்கு நீலம் பிடிக்கும். குடைக்கு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய் அடித்த செடியில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும், அதனால் இரண்டு கூட்டத்தையும் தள்ளி வைத்தேன். இலைப்பேன் செடிகள் தேறின. சிலந்திப்பேன் பட்ட மூன்றில் ஒன்று மட்டும் பிழைத்தது. மற்ற இரண்டையும் நுனி முழுக்கக் கெட்ட பிறகு பிடுங்கி எரித்தேன். அந்த இரண்டையும் முதல் வாரமே கவனித்திருந்தால் நுனியை மட்டும் வெட்டிக் காப்பாற்றியிருக்கலாம்.

மார்கழி பிறந்ததும் கிழக்குக் காத்து. இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். குடைமிளகாய்க் கிளை பார்க்க உறுதியாக இருக்கும். கவை பிரிகிற இடத்தில் கண்ணாடி மாதிரி உடையும். காய் பாரத்தோடு ஒரு உலுக்கு உலுக்கினால் பாதிச் செடி தரையில். முதல் ராத்திரியே மூன்று செடி அப்படிப் போனது. மறுநாள் வேலைக்குப் போகாமல் தட்டி கட்டினேன். முதலில் தகரம் நிறுத்தினால் காத்தே வராது என்று நினைத்தேன். முழுசாக மறைத்தால் காத்து மேலே ஏறிக் குதித்து, உள்பக்கம் சுழன்று அடிக்கும். பாதி மறைத்துப் பாதி விட வேண்டும். தென்னங்கீற்றுத் தட்டியை நெருக்கிப் பின்னாமல் விரல் இடைவெளி விட்டு, ஆள் உயரத்துக்குக் கிழக்கே கட்டினேன். தட்டிக்கு இந்தப் பக்கம் தீக்குச்சி ஏற்றினால் அணையாமல் நின்றது. செடிக்குச் செடி பனைமட்டைக் கருக்கைச் சீவிவிட்டு முட்டு ஊன்றி, பழைய வேட்டிக் கிழிசலால் எட்டு மாதிரிச் சுற்றிக் கட்டினேன். கயிற்றால் கட்டினால் தண்டை அறுக்கும். ஒவ்வொரு கவைக்கும் தனிக் கட்டு.

காத்து இன்னொரு வேலையும் செய்தது. மார்கழிக் கடைசியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பழனி போய் இரண்டு நாள் தங்கினோம். தண்ணீர் ஊற்ற ஆள் வைக்கவில்லை, பனிக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். அந்த வறண்ட காத்து பையைச் சாறாகப் பிழிந்துவிட்டது. திரும்பி வந்து வாடிக் கிடந்த செடிக்கு நிறைய ஊற்றினேன், நிமிர்ந்துவிட்டது. பத்து நாள் கழித்து முக்கால் வளர்ந்த காய்களின் அடியில் தண்ணீர் கோத்த மாதிரி ஒரு வட்டம், அப்புறம் அது பழுப்பாகி அமுங்கியது. நுனி அழுகல். இதற்குப் பூஞ்சை காரணம் இல்லை, மருந்தும் இல்லை. காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. கால்சியம் தண்ணீரோடுதான் நகரும். தண்ணீர் ஓட்டம் நின்று நின்று போனால், கடைசியில் இருக்கிற காய் நுனிக்கு எட்டாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். அது கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. கெட்ட 26 காயைப் பறித்துவிட்டு, பைமேல் மூன்று விரல் கனத்துக்கு உரிமட்டைத் துண்டுகளைப் பரப்பி மூடினேன். காலை ஒரு லிட்டர், சாயங்காலம் அரை லிட்டர், ஒரு நாளும் தவறாமல். அதற்குப் பின் வந்த காயில் நுனி அழுகல் இல்லை.

பிறகு காத்திருப்பு. காய் முழு அளவுக்கு வந்த பிறகும் பச்சையாகவே மூன்று வாரம் நிற்கும். மகளுக்கு அந்த மூன்று வாரம்தான் பெரிய சோதனை. பச்சையிலேயே ஒன்றைக் கடித்துப் பார்த்து, "புல்லு மாதிரி இருக்கு" என்றாள். சரிதான், இனிப்பு ஏறுவது நிறம் மாறும்போதுதான். முதலில் காயின் தோளில் ஒரு சாக்லேட் நிறத் தீற்றல் வரும். அது பரவி, ஐந்தாறு நாளில் முழுசாகச் சிவக்கும். பாதி நிறம் வந்த பழத்தைக் கொண்டைக்குருவி கொத்தியது. அதற்குப் பிறகு பழைய கொசுவலையைப் போர்த்தினேன்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் முதல் பழம். சிவப்பு. மகள் கையால் பறிக்கப் போனாள், நான் கத்தரிக்கோலைக் கொடுத்தேன், இழுத்தால் கிளையே வந்துவிடும். காம்போடு வெட்டி, துணியில் துடைத்து, நாலாக அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு. வெயிலில் பழுத்த பழத்துக்கு டப்பாவில் வந்ததைவிட இனிப்பு அதிகம் இருந்தது, கடித்ததும் சாறு வந்தது. பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு இரண்டாவது பழம் போனது. மிளகாய்தானே என்று தயங்கித் தயங்கிக் கடித்தவர், "ஐயோ, இதினு எரிவே இல்லல்லோ!" என்று மறு கடியில் முடித்துவிட்டார்.

உருவம் சிதறும் என்று முன்னாலேயே சொன்னேனே, சிதறியது. காத்து, பேன் எல்லாம் போக நின்ற 17 செடியில் பாதிக்கு மேல் டப்பாவில் வந்த மாதிரியே. நாலு செடியில் விரல் நீளத்துக்குக் கூம்பிய காய். இரண்டில் தக்காளி மாதிரி உருண்டை. மஞ்சள் பழத்தின் விதையிலிருந்து வந்த செடிகள் எல்லாம் மஞ்சளாகவே காய்த்தன. சிவப்புப் பழத்தின் விதையில் சிவப்பும் வந்தது, ஒரு செடி மஞ்சளும் வந்தது. மஞ்சள் நிறம் ஒடுங்கு பண்பு என்பதால் அது சிவப்புக்குள்ளே ஒளிந்திருக்க முடியும், மஞ்சளுக்குள்ளே சிவப்பு ஒளிந்திருக்க முடியாது. நிறம் எழுதிக் குச்சி குத்தியதால் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. காரம் எதிலும் இல்லை.

இனி அம்மாவோடு போட்ட கணக்கு. பூ கிள்ளாத செடிகள் பத்து நாள் முந்திப் பழுத்தன, அந்த முதல் பழங்கள் பெரிசாகவும் இருந்தன. மார்ச் கடைசி வரை எண்ணினால் கிள்ளிய செடிக்குச் சராசரி 34 பழம், கிள்ளாததுக்கு 25. பழம் ஒன்று 20 முதல் 25 கிராம். மொத்தம் 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அம்மா கணக்கை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் பத்து நாள் முந்தி வருவதும் ஒரு லாபம்தான் என்றார். வீட்டுக்கு என்றால் இரண்டு செடியைக் கிள்ளாமல் விடலாம் என்று எனக்கும் தோன்றுகிறது.

அடுத்த வருஷ விதைக்காக, டப்பாவில் வந்ததைப் போலவே இருந்த ஒரு சிவப்புச் செடியைத் தேர்ந்தெடுத்தேன். சேச்சி வீட்டு வேலியில் காந்தாரி என்கிற குட்டிக் காரமிளகாய், எங்கள் வரப்பில் நாட்டு மிளகாய். பக்கத்தில் காரமிளகாய் இருந்தால் குடைமிளகாயிலும் காரம் ஏறிவிடும் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். இந்த வருஷப் பழத்தில் ஏறாது, பழத்தின் சதை தாய்ச்செடியின் சதை. ஆனால் தேனீ கொண்டுவரும் நாட்டு மிளகாய் மகரந்தம் விதைக்குள் போய்விடும். அந்த விதையைப் போட்டால் அடுத்த வருஷம் காரம் நிச்சயம், ஏனென்றால் காரம்தான் ஓங்கு பண்பு. அதனால் விரியப் போகிற மொட்டு பத்தை, கல்யாண வீட்டில் பாக்குப் போட்டுத் தருகிற வலைப்பையால் மூடி, காலையில் லேசாகத் தட்டிவிட்டேன். பூவுக்குள்ளேயே ஆண், பெண் இரண்டும் இருப்பதால் அது போதும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்து, காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். ஆறு பழம் நின்றது. அந்த ஆறையும் சுருக்கம் விழும் வரை செடியிலேயே விட்டுத்தான் பறித்தோம்.

பங்குனியில் பூ மறுபடி உதிர ஆரம்பித்தது. விடிகாலை 25. இந்தத் தடவை உரமும் மருந்தும் ஊற்றவில்லை. குடைமிளகாய் உண்மையில் பல வருஷச் செடி, நாம்தான் ஒரு பருவத்தோடு பிடுங்கிவிடுகிறோம். முதல் கவைக்கு மேலே ஒரு சாண் விட்டு எல்லாக் கிளையையும் வெட்டி, பைகளைக் கிணற்றோரம் புளியமர நிழலுக்குத் தள்ளி, இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மட்டும் கொடுத்தேன். 17-ல் ஒன்பது கோடையைத் தாண்டின. வைகாசி மழையில் வெட்டிய கணுக்களில் எல்லாம் துளிர். இந்தத் தடவை தட்டியை மேற்குப் பக்கமாக மாற்றிக் கட்டியிருக்கிறேன், ஆனி, ஆடிக் காத்துக்கு. மகள் நூல் கட்டிய ஆறு பழத்தின் விதையை எண்ணி வைத்திருக்கிறாள், 138. ஆவணி பத்துக்கு அவளே நோட்டில் வட்டம் போட்டுவிட்டாள்.